பண்டிகை விருந்துக்கு உள்ளூர்ப் பானங்கள்: வேலூரில் தேர்ந்தெடுத்து வாங்குவது எப்படி?

வேலூர்ப் பக்கம் புதிதாகக் குடிவந்து, முதல் முறையாகச் சொந்தபந்தங்களை அழைத்துப் பண்டிகை விருந்து வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரியாணிக்கு எந்த பாயைப் பார்க்க வேண்டும், சீரகச் சம்பா எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று சொல்ல இங்கே தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். குடிக்க என்ன கொடுப்பது என்று கேட்டால் மட்டும், ‘பெரிய பாட்டிலாக நாலைந்து வாங்கி வைத்துவிடுங்கள்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கோலி சோடா, பன்னீர் சோடா, நன்னாரி, பானகம், பதநீர், மோர் என்று இத்தனை வகை இருக்கும் ஊரில் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் குடும்பத்திலும் அக்கம்பக்கத்திலும் பானங்களுக்கான பொறுப்பு ஆண்டுதோறும் என்னிடம் வந்துவிடுவதால், எங்கே பணம் வீணாகும், எங்கே வயிறு கெடும், எங்கே வியாபாரியோடு வாக்குவாதம் வரும் என்பதெல்லாம் பட்டுத் தெரிந்தவை. நீங்களும் அதே அலைச்சலைப் பட வேண்டியதில்லை.

மனதில் வைக்க வேண்டியவை இரண்டுதான். இலையில் என்ன விழப்போகிறது என்று பார்த்துப் பானத்தை முடிவு செய்யுங்கள். என்ன மாதம் என்று பார்த்து வாங்குங்கள்.

1. சமையல் பட்டியலை முதலில் முடியுங்கள்

பானத்தை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் சமையலை யோசிக்கிறவர்கள்தான் அதிகம். வரிசையை மாற்றுங்கள்.

மட்டன் பிரியாணி, சிக்கன் வறுவல், கூடவே கத்தரிக்காய்த் தொக்கு என்பது உங்கள் விருந்தானால், சாப்பிடும்போது மோர், சாப்பிட்டு எழுந்த பிறகு சோடா என்று பிரித்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை. எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாலும் நாக்கு எரிந்துகொண்டே இருப்பது அதனால்தான். பாலிலும் தயிரிலும் இருக்கும் கேசின் என்ற புரதம் அதைப் பற்றி இழுத்துக்கொண்டு போய்விடும். சோடாவோ நேர்மாறு. அதிலுள்ள கார்பானிக் அமிலம் காரம் தொட்ட அதே நரம்புகளைச் சீண்டி, எரிச்சலைக் கூட்டுகிறது. பிரியாணிக்கு நடுவே குளிர்ந்த சோடா குடித்துவிட்டுச் சின்னப் பிள்ளைகள் கண்ணைக் கசக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சோடா, கொழுப்புப் படிந்த வாயைச் சாப்பிட்டு முடித்த பிறகு அருமையாகக் கழுவிக் கொடுக்கும். அதற்கு இஞ்சி சோடாவும் உப்புப் போட்ட எலுமிச்சை சோடாவும் பொருத்தம். பன்னீர் சோடா இனிப்பானது. பிள்ளைகளுக்கும், இனிப்பு விரும்பும் பெரியவர்களுக்கும் அது சரி.

வடை, போண்டா, பஜ்ஜி என்று எண்ணெய்ப் பலகாரம் அதிகமான மாலை விருந்தில் காரம் பெரிதாக இருக்காது. அங்கே சோடாவைத் தாராளமாகப் பலகாரத்தோடேயே கொடுக்கலாம்.

சர்க்கரைப் பொங்கல், பாயசம், ஆற்காடு மக்கன் பேடா இவற்றில் ஒன்று இலையில் இருந்தால், அதோடு இனிப்புப் பானம் எதையும் வைக்காதீர்கள். மக்கன் பேடாவைத் தின்ற வாயில் நன்னாரி சர்பத் வெறும் தண்ணீராகத் தெரியும். காசு கொடுத்து வாங்கிய நல்ல சர்பத்தின் மணம் வீண். இனிப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம், அல்லது பின்னால் இரண்டு மணி நேரம் கழித்து சர்பத்தைக் கொடுங்கள். மாலை நாலு மணிக்கு, எல்லோரும் ஒரு தூக்கம் போட்டு எழுந்த நேரம், நன்னாரிக்கு நல்ல நேரம்.

சைவ இலைச் சாப்பாட்டில் மோர் எப்படியும் உண்டு. அதற்கு மேல் ஒரே ஒரு பானம் போதும். வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றியதும் கொடுக்கப் பானகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. மாதத்தைப் பாருங்கள்

எல்லாப் பானமும் எல்லா மாதமும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ருசி ஒன்றாக இருப்பதில்லை.

பொங்கலுக்குப் பதநீரை நம்பித் திட்டமிடாதீர்கள். பனையில் பாளை சீவும் பருவம் மாசியில் சூடுபிடித்து ஆனி வரை போகும். சித்திரைத் திருநாளும், வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவும்தான் பதநீருக்கு ஏற்ற விருந்துகள். குடியாத்தம் பக்கம் உறவினர் இருந்தால் சிரசுக்கு வீடு நிறைந்துவிடும்; வெயிலும் உச்சத்தில் நிற்கும். அந்த நாளுக்குச் செலவிடும் பானக் காசு ஒவ்வொன்றும் தகும்.

கோடையில் எலுமிச்சை விலை ஏறிவிடும். சித்திரை, வைகாசியில் விருந்து என்றால் எலுமிச்சை சார்ந்த பானங்களைக் குறைத்து, மோரையும் நன்னாரியையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

தீபாவளி ஐப்பசி மழையில் வருகிறது. பலகாரம் தின்று வயிறு மந்தமாக இருக்கும் நாள். அன்று குளிர்ந்த பானத்தைப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தால் பாதி மீந்துவிடும். இஞ்சி சோடா ஒரு பெட்டியும், சுக்கு மல்லிக் காபியும் போதும். கிறிஸ்துமஸ் இரவு விருந்துக்கும் இதே கணக்குத்தான். மார்கழிக் குளிரில் ஐஸ் போட்ட டம்ளரை யாரும் தொடமாட்டார்கள். அரக்கோணம், ஜோலார்பேட்டை ரயில்வே குடும்பங்கள் சிலவற்றில் கிறிஸ்துமஸுக்கு வைக்கும் இஞ்சி ஒயினைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயரில்தான் ஒயின்; இஞ்சி, பட்டை, கிராம்பு, சர்க்கரை, எலுமிச்சை போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டும் சாறு அது. புளிக்கவைப்பதில்லை. கருக்கிய சர்க்கரையால் நிறம் வரும். வெந்நீரில் கலந்து சூடாகவும் கொடுக்கலாம்.

ரம்ஜானும் பக்ரீத்தும் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருவதால், சென்ற முறை என்ன கொடுத்தோம் என்ற ஞாபகம் அவற்றுக்கு நீண்ட நாள் உதவாது. அந்த ஆண்டின் மாதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

3. ஆள் கணக்கும் பணக் கணக்கும்

மதியம் தொடங்கி மாலை வரை நீளும் விருந்துக்கு ஆளுக்கு மூன்று டம்ளர், அதாவது 600 மில்லி, தண்ணீர் தவிர்த்து. கோடையில் நாலு. இரவு விருந்து மட்டும் என்றால் இரண்டு போதும்.

25 பேருக்கு நான் போடும் கணக்கு இது: மோர் 6 லிட்டர், பன்னீர் சோடாவும் இஞ்சி சோடாவும் கலந்து 24 பாட்டில் கொண்ட ஒரு பெட்டி, 750 மில்லி நன்னாரி சர்பத் ஒன்று. டம்ளருக்கு 30 மில்லி என்றால் அந்தப் பாட்டிலில் 25 டம்ளர் தேறும். மோருக்குக் கெட்டித் தயிர் ஒன்றரை லிட்டர் வாங்கி, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டால் 6 லிட்டர் வந்துவிடும்.

சிறு தயாரிப்பாளர்களின் 200 மில்லி சோடா எங்கள் பக்கம் கடைக்குக் கடை 15 முதல் 25 ரூபாய் வரை சொல்கிறார்கள். பெட்டிக்கு 360 முதல் 600 ரூபாய். தயிரும் சர்பத்தும் சேர்த்தால் மொத்தச் செலவு ஆயிரம் ரூபாயைச் சுற்றி நிற்கும். பாட்டிலுக்கும் பெட்டிக்கும் கொடுக்கும் முன்பணம் இதில் சேராது. அது திரும்பி வரும் பணம், ஆனால் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டிய பணம்.

விலை பேசும்போது வரியோடு சேர்த்தா, தனியா என்று கேட்டுவிடுங்கள். சர்க்கரையோ சுவையோ சேர்த்த, காற்றேற்றிய பானங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீத ஜி.எஸ்.டி. வாயால் சொன்ன விலை ஒன்று, பில்லில் வந்த விலை ஒன்று என்று ஆகிவிடக் கூடாது. பாட்டில்மேல் எம்.ஆர்.பி. அச்சாகியிருந்தால் அதுதான் எல்லை. ‘கூலிங்குக்கு இரண்டு ரூபாய்’ என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

4. சோடா வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை

இந்தப் படிக்குத்தான் நேரம் ஒதுக்குங்கள். விருந்துக்கு ஒரு வாரம் முன்பு போய், இரண்டு பாட்டில் மட்டும் வாங்கிக் குடித்துப் பாருங்கள். பண்டிகைக்கு முந்தைய இரண்டு நாட்களில் எந்த சோடாக் கம்பெனியிலும் உங்களோடு நின்று பேச ஆளிருக்காது. ஆர்டரை ஐந்து நாள் முன்பாவது கொடுத்துவிடுங்கள்.

முதலில் எண். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொடுக்கும் 14 இலக்க எண் பாட்டிலிலோ லேபிளிலோ இருக்க வேண்டும். 1 என்று தொடங்கினால் உரிமம். 2 என்று தொடங்கினால் பதிவு. சிறிய தொழில்களுக்குப் பதிவு போதும். ஆகவே 2 என்று தொடங்குவதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். சான்றிதழை வேலை நடக்கும் இடத்தில் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும் என்பது விதி. ‘அண்ணே, சர்டிபிகேட் எங்கே மாட்டியிருக்கிறீர்கள்?’ என்று சாதாரணமாகக் கேளுங்கள். நேர்மையாகத் தொழில் செய்கிறவர் பெருமையோடு காட்டுவார். எண்ணை ஆணையத்தின் ஃபாஸ்கோஸ் இணையதளத்தில் போட்டால், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பது வீட்டில் உட்கார்ந்தபடியே தெரிந்துவிடும்.

அடுத்து, தயாரித்த தேதியும் ‘இதற்குள் பயன்படுத்தவும்’ தேதியும். பெட்டியின் மேல் வரிசையை மட்டும் பார்க்காதீர்கள். நடுவிலிருந்து ஒன்று, மூலையிலிருந்து ஒன்று உருவிப் பாருங்கள். மேலே புதுச் சரக்கு, கீழே பழைய சரக்கு என்று அடுக்கிய பெட்டி எங்கள் வீட்டுக்கே வந்திருக்கிறது. விருந்து நாளில் பாதி சோடா காற்று இறங்கிச் சர்க்கரைத் தண்ணீராக நின்றது.

கோலி சோடாவுக்குத் தனிப் பரிசோதனை உண்டு. கழுத்துக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பாட்டிலுக்குள் இருக்கும் வாயு கோலியை மேலே தள்ளி, அந்த வளையத்தோடு அழுத்திப் பிடிக்கிறது, மூடியே அதுதான். பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, கோலியும் ரப்பரும் சேரும் விளிம்பைப் பாருங்கள். அங்கே மெல்லிய நுரைக் கோடு கசிந்தால் ரப்பர் தேய்ந்துவிட்டது. அந்த பாட்டில் வேண்டாம். ரப்பரைச் சுற்றிக் கறுத்த படலம் தெரிந்தாலும் வேண்டாம், சரியாகக் கழுவவில்லை. பிறகு பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, மெதுவாக நிமிர்த்துங்கள். அடியில் தூசோ நாரோ இருந்தால் அப்போது மிதந்து வரும். ஒரு பெட்டியில் நாலு பாட்டிலைப் பார்த்தால் போதும், அந்த இடத்தின் சுத்தம் தெரிந்துவிடும்.

இனிப்பு எவ்வளவு என்றும் பாருங்கள். நூறு மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று லேபிளில் இருக்கும். அதை இரண்டால் பெருக்கினால் ஒரு பாட்டில் கணக்கு. சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் இன்று ஏது? அவர்களுக்கென்று இனிப்பில்லாத வெறும் சோடா ஆறு பாட்டில் தனியாக வாங்கி, உப்பும் எலுமிச்சையும் வீட்டில் கலந்து கொடுங்கள். பெரியப்பாவும் அத்தையும் மற்றவர்களோடு உட்கார்ந்து ஒரே மாதிரிக் குடிப்பார்கள். ‘எனக்கு வேண்டாம்’ என்று ஒதுங்கி உட்காரும் நிலை அவர்களுக்கு வராது.

கடைசியாகச் சீட்டு. கண்ணாடி பாட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டியது. அதற்கும் பெட்டிக்கும் முன்பணம் வாங்குவார்கள். பாட்டில் எண்ணிக்கை, பெட்டி எண்ணிக்கை, முன்பணத் தொகை, திருப்பும் நாள், உடைந்தால் பாட்டிலுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்ற ஐந்தும் ஒரு துண்டுக் காகிதத்திலாவது கையெழுத்தோடு இருக்கட்டும். வண்டியில் ஏற்றுவதற்கு முன் பெட்டியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விளிம்பு உடைந்திருந்த பாட்டில்களுக்கு ஒரு வியாபாரி எங்களிடம் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு படம் எடுக்காமல் எந்தப் பெட்டியையும் நாங்கள் ஏற்றுவதில்லை.

கண்ணாடி பாட்டில் வேண்டாம், அலைய முடியாது என்பவர்கள் போவோண்டோ வாங்கிக்கொள்ளலாம். 1916இல் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பானம். நம் மாநிலத்துச் சரக்கு. எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். திராட்சை மணமும் லேசான துவர்ப்பும் கறிச் சாப்பாட்டுக்குப் பிறகு நன்றாகவே இருக்கும்.

5. நன்னாரி: வாங்குவதா, காய்ச்சுவதா?

கடையில் வாங்கினால் பின்பக்க எழுத்தைப் படியுங்கள். ‘நன்னாரி வேர்ச் சாறு’ என்று இருக்க வேண்டும். செயற்கைச் சுவையூட்டியும் நிறமும் மட்டும் இருந்தால் அது நன்னாரி மணம் பூசிய சர்க்கரைப் பாகு. நிறமும் காட்டிக்கொடுக்கும். வேரிலிருந்து இறங்கும் சாறு இளம் பழுப்பாக, டீ டிகாக்ஷனை நீர்த்தது போல இருக்கும். கண்ணைப் பறிக்கும் சிவப்பு வேரிலிருந்து வராது.

என்னைக் கேட்டால் காய்ச்சுங்கள் என்பேன். ஒரு நாள் இரவும் மறுநாள் காலையில் ஒரு மணி நேரமும் ஒதுக்கினால் போதும். லாங்கு பஜார் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் வேர் கேளுங்கள். நன்னாரி வேர் மெல்லியதாக, பென்சிலைவிட ஒல்லியாக, கரும்பழுப்புத் தோலோடு இருக்கும். விரல் பருமனுக்கு மேல் சதைப்பற்றாக இருந்தால் அது மாகாளிக் கிழங்கு. மணம் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். மாகாளி ஊறுகாய்க்கு அருமையானது. சர்பத்துக்கு அதன் வாசனை முரட்டுத்தனம்.

100 கிராம் வேரை மண் போக நாலைந்து தண்ணீரில் கழுவுங்கள். உரலில் லேசாக இடித்தால் தோல் தனியாகவும் நடுத்தண்டு தனியாகவும் பிரியும். வெள்ளையான அந்தத் தண்டை எடுத்துப் போட்டுவிடுங்கள். மணம் முழுவதும் தோலில்தான். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, தோலைப் போட்டு, மூடி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். மூடாமல் வைத்தால் காலையில் சமையலறை மணக்கும். சர்பத்தில் மணம் இருக்காது. காலையில் துணியில் வடிகட்டி, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்துச் சிறு தீயில் பிசுபிசுப்பு வரும்வரை காய்ச்சி, ஆறிய பிறகு இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாற்றைப் பிழியுங்கள். எலுமிச்சை சர்க்கரை பூத்துப்போகாமல் காக்கும். ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். விருந்துக்கு நான்கு நாள் முன்பு காய்ச்சினால் மணம் நன்றாகப் பாகில் இறங்கியிருக்கும்.

6. பதநீர்: கவனம் அதிகம் வேண்டும்

பதநீர் பானையில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குவார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் அது புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் கள் இறக்குவதற்கும் விற்பதற்கும் தடை இருப்பதால், இது ருசி சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல. முகம் தெரிந்த, வழக்கமாக இறக்கும் பனையேறியிடம் மட்டும் வாங்குங்கள். சாலையோரம் மதியம் விற்கும் பதநீரை விருந்துக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

விடியற்காலை இறக்கியதை எட்டு மணிக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு நாள் முன்பே லிட்டர் கணக்கைச் சொல்லி, எவர்சில்வர் தூக்கைக் கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும்; மேலே தெளிந்ததை மட்டும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். நல்ல பதநீர் தித்திப்பாக, பனை மணத்தோடு, நாக்கில் வழவழவென்று இருக்கும். நுரை பொங்கினாலோ மூக்கில் புளிப்பு ஏறினாலோ கொட்டிவிடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீடு.

மதிய விருந்துக்கு முன்பாக, பதினோரு மணிவாக்கில், நுங்கைச் சீவிப் போட்டுக் கொடுப்பதே சரியான முறை. இரவு விருந்துக்குப் பதநீர் ஆகாது. ‘இயற்கையானது, சர்க்கரைக்காரர்களும் குடிக்கலாம்’ என்று விற்கிறவர் சொல்வார், நம்பாதீர்கள். அதிலிருந்துதான் கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை அதில் உண்டு.

7. பானகமும் மோரும்

பானகத்துக்கு லிட்டருக்கு 200 கிராம் வெல்லம், அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி, நாலு ஏலக்காய், ஒரு எலுமிச்சம்பழம். வெல்லத்தை வாங்கும்போது பளபளக்கும் வெளிர் மஞ்சளைத் தேடாதீர்கள். ரசாயனம் போட்டு வெளுக்கவைத்தால்தான் பெரும்பாலும் அந்த நிறம் வரும். கருமை கலந்த பழுப்பு வெல்லம் வாங்கி, கரைத்து, கட்டாயம் வடிகட்டுங்கள். மணலும் சக்கையும் அடியில் நிற்கும்.

மோருக்குச் சொல்ல அதிகமில்லை. இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. பிரியாணிக்குக் கொடுக்கும் மோரில் மட்டும் பச்சை மிளகாயை விட்டுவிடுங்கள். காரத்தைத் தணிக்க வந்த மோரில் காரம் எதற்கு? கடைய நேரமில்லாதவர்கள் ஆவின் பாலகத்தில் மசாலா மோர் சொல்லிவைக்கலாம். பண்டிகை நாளில் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முதல் நாளே எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள்.

8. பியர், ஒயின் கேட்பவர்கள் வீட்டில் இருந்தால்

பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அங்கே சிறு ஆலைகளில் அங்கேயே காய்ச்சித் தரும் கைவினை பியரைக் குடித்துப் பழகியவர்கள், ‘வரும்போது கொஞ்சம் எடுத்து வரட்டுமா?’ என்று கேட்பார்கள். வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அனுமதியில்லாமல் வெளிமாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வண்டியே பறிமுதல் ஆகலாம். ஓசூர் வழியானாலும் சரி, சித்தூரிலிருந்து கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடி வழியானாலும் சரி, பண்டிகைக் காலத்தில் சோதனை கடுமையாகவே இருக்கும். தவிர, அந்த பியரில் பெரும்பாலானவை வடிகட்டாதவை, சூடேற்றிப் பதப்படுத்தாதவை. பெங்களூரிலிருந்து வேலூருக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். குளிர் விட்டுப்போனால் ருசியும் போய்விடும்.

விருந்து பெங்களூரு உறவினர் வீட்டில் என்றால் நிலைமை வேறு. அப்போது நம் ஊர்ப் பிரியாணிக்குக் கோதுமை பியரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கசப்பு குறைவு, வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மணம் சீரகச் சம்பாவோடு இசைந்து போகும். ஐ.பி.ஏ. என்ற கசப்பு மிகுந்த பியர் வகையில் சேரும் ஹாப்ஸ் பூவின் கசப்பு, மிளகாய்க் காரத்தை இன்னும் கூர்மையாக்கும். அதைப் பலகாரத்தோடு வைத்துக்கொள்ளட்டும். ஸ்டௌட் என்ற கறுப்பு பியர், சாப்பாடு முடிந்து இனிப்பு வரும்போது.

இங்கே வேலூரில் என்றால் டாஸ்மாக் ஒன்றுதான் வழி. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பகல் 12 முதல் இரவு 10 வரை. திருவள்ளுவர் தினம் பொங்கலுக்குள்ளேயே வருவதால் அன்று கடை மூடியிருக்கும். கிறிஸ்துமஸுக்காக வீட்டில் திராட்சை ஒயின் ஊறப்போடும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது வீட்டுக்குள்ளேயே ஆனாலும் சட்ட விரோதம் என்பதை அறிந்துகொள்ளுங்கள். இஞ்சி ஒயினுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

9. டம்ளர், ஐஸ், குளிர்

பிளாஸ்டிக் டம்ளர், உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. கடையில் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். பாத்திர வாடகைக் கடையில் எவர்சில்வர் டம்ளர் எடுங்கள். ஆளுக்கு இரண்டு வீதம். எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுங்கள்.

ஐஸை வீட்டிலேயே முந்தைய இரண்டு இரவுகளில் கட்டிச் சேர்த்துவையுங்கள். மீன் பெட்டிக்குப் போடும் பாளம் ஐஸைப் பானத்துக்குள் போடாதீர்கள். பாட்டில்களைச் சுற்றி அண்டாவில் போட்டுக் குளிரவைக்க அது போதும். சோடாவை ஐந்தாறு மணி நேரமாவது குளிரவையுங்கள். குளிராத சோடாவைத் திறந்தால் வாயு சட்டென்று பறந்துவிடும். உறைபெட்டியில் மட்டும் வைக்காதீர்கள், கண்ணாடி வெடிக்கும். கடையிலிருந்து எடுத்து வருவதும் காலை நேரத்திலேயே. நம் ஊர் உச்சி வெயிலில் சோடாப் பெட்டியைத் திறந்த வண்டியில் கொண்டுவருவது ஆபத்து.

பிள்ளைகளுக்குக் கோலி சோடா திறக்கும் ஆசை இருக்கும். கட்டையால் அழுத்தி ஒரு பெரியவர் திறந்து கொடுக்கட்டும். ஊற்றும்போது பாட்டில் கழுத்திலுள்ள இரண்டு குழிகளும் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி சாயுங்கள். கோலி அந்தக் குழியில் போய் உட்கார்ந்துகொண்டு வழியை மறிக்காது.

10. விருந்து முடிந்த பிறகு

காலி பாட்டில்களை அன்றிரவே வெறும் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். விட்டால் எறும்பு அடைந்துவிடும். சீட்டில் எழுதிய நாளுக்குள் பெட்டியோடு கொண்டுபோய், பழைய படத்தைக் காட்டி எண்ணிக் கொடுத்து, முன்பணத்தை முழுசாக வாங்குங்கள். மீந்த சோடாவைத் திருப்பி எடுப்பார்களா என்பதை ஆர்டர் கொடுக்கும் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும். பெரும்பாலோர் திறக்காத முழுப் பெட்டியை மட்டும் எடுக்கிறார்கள். பில்லை இரண்டு மூன்று நாள் பத்திரமாக வைத்திருங்கள். யாருக்காவது வயிற்றுக் கோளாறு வந்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்க அந்த பில்லும், லேபிளிலுள்ள பேட்ச் எண்ணும், திறக்காத ஒரு பாட்டிலும் தேவைப்படும்.